இழப்பு யார் கணக்கில்? – வாசகர் கேள்வி பதில்

நிதித்துறைக்கு அரசு விதிக்கும் கட்டுப்பாடுகள் ஆபத்தை உண்மையிலேயே குறைக்கின்றனவா, குறைத்தால் அதைப் பொருளியல் ஆய்வாளர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒத்த கேள்விகளைச் சேர்த்து ஆறாக்கியிருக்கிறேன்.

கேள்வி (வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற வாசகர்): மக்கள் வங்கியில் போடும் பணத்துக்குப் பல நாடுகளில் அரசே காப்பீடு தருகிறது. அப்படியிருந்தும் வங்கிகள் மூழ்குவது ஏன்? அந்தக் காப்பீடுதான் நிர்வாகிகளுக்குத் துணிச்சல் கொடுத்துவிடுகிறது என்று சிலர் எழுதுகிறார்களே, அது சரியா?

பதில்: காப்பீடு எதைத் தடுக்க வந்ததோ அதைப் பெரும்பாலும் தடுத்திருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எப்போது கேட்டாலும் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிய பணத்தை, பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும் கடனாகக் கொடுத்து வைத்திருக்கும் நிறுவனம்தான் வங்கி. எல்லாரும் ஒரே நாளில் வந்து நின்றால் எவ்வளவு நல்ல வங்கியாலும் கொடுக்க முடியாது. அடுத்தவர் எடுக்கப் போகிறார் என்று தெரிந்தால் முந்திக்கொள்வதே எனக்குப் புத்திசாலித்தனம். எல்லாரும் அப்படியே நினைக்கும்போது, நேற்று வரை நன்றாக இருந்த வங்கிக்கும் பூட்டு விழுகிறது. டக்ளஸ் டைமண்டும் ஃபிலிப் டிப்விக்கும் 1983-இல் இதைக் கணித வடிவில் விளக்கினார்கள். 2022-இல் பென் பெர்னான்கியோடு சேர்த்து அவர்களுக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அமெரிக்காவில் 1930 முதல் 1933 வரை ஏறத்தாழ 9,000 வங்கிகள் மூடப்பட்டன. 1934 ஜனவரியில், தொடக்கத்தில் ஆளுக்கு 2,500 டாலர் வரை என்ற வரம்போடு காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு முழுவதும் காப்பீடு பெற்ற வங்கிகளில் மூடப்பட்டவை 9 மட்டுமே. பலவீனமான வங்கிகள் அதற்கு முன்பே களையப்பட்டிருந்தன என்பதால் இந்த மாற்றம் முழுவதையும் காப்பீட்டின் பெயரில் எழுதிவிட முடியாது. ஆனாலும் பீதி அடங்கியதில் அதன் பங்கு பெரியது.

பீதி அடங்கியபோது கண்காணிப்பும் சேர்ந்து தளர்ந்தது. அமெரிக்காவின் சேமிப்பு–வீட்டுக்கடன் சங்கங்கள் குறைந்த நிலையான வட்டியில் நீண்ட காலக் கடன்களைக் கொடுத்திருந்தன. 1970-களின் இறுதியில் வட்டி விகிதம் மேலே போனதும், வரும் வட்டியை விடப் பணம் போட்டவர்களுக்குக் கொடுக்க வேண்டிய வட்டி கூடி, அவற்றில் பல உள்ளுக்குள் திவாலாகிவிட்டன. அவற்றை அப்போதே மூடாமல், 1980-இல் காப்பீட்டு வரம்பை 40,000 டாலரிலிருந்து 1 லட்சம் டாலராக உயர்த்தினார்கள். எந்தெந்தத் தொழிலுக்குக் கடன் தரலாம் என்ற வரையறையையும் தளர்த்தினார்கள். சொந்த முதல் முழுவதும் போய்விட்ட ஒரு சங்கத்தின் உரிமையாளராக உங்களை நினைத்துப் பாருங்கள். துணிந்து ஒரு பெரிய கட்டுமானத் திட்டத்துக்குக் கடன் கொடுத்து அது பலித்தால் லாபம் உங்களுக்கு. பலிக்காவிட்டால் நட்டம் காப்பீட்டு நிதிக்கு. பணம் போட்டவர்களோ, அரசு இருக்கிறது என்ற நம்பிக்கையில், கூடுதல் வட்டி கொடுக்கும் இடத்தைத் தேடிப் போனார்கள். 1986 முதல் 1995 வரை 1,000-க்கும் மேற்பட்ட சங்கங்கள் மூடப்பட்டன. வரி செலுத்துவோர் தலையில் விழுந்த சுமை ஏறத்தாழ 12,400 கோடி டாலர். எனவே காப்பீடு துணிச்சல் கொடுக்கிறது என்பது வெறும் ஊகம் இல்லை. திவாலான நிறுவனத்தைத் திறந்து வைத்திருக்கும் அரசின் தயக்கமும் சேரும்போதுதான் அந்தத் துணிச்சல் பேராபத்தாக மாறுகிறது என்பதே அந்த அனுபவத்திலிருந்து நான் புரிந்துகொண்டது.

2023 மார்ச்சில் மூடப்பட்ட சிலிக்கான் வேலி வங்கியில் நடந்தது இதற்கு நேர்மாறானது. அப்போது காப்பீட்டு வரம்பு 2.5 லட்சம் டாலர். அந்த வங்கியில் இருந்த வைப்புத்தொகையில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டது காப்பீட்டுக்கு வெளியே இருந்தது. பணம் போட்டவர்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்க வேண்டியவர்கள். வங்கியோ அந்தப் பணத்தில் பெரும்பகுதியை அரசுக் கடன் பத்திரங்களிலும் அரசின் ஆதரவு பெற்ற வீட்டுக்கடன் பத்திரங்களிலும் முடக்கியிருந்தது. அசல் திரும்பி வராதோ என்ற பயம் அவற்றில் இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒன்றரை சதவீத வட்டி தரும் 100 டாலர் பத்திரம் முதிர்வதற்குப் பத்து ஆண்டுகள் இருக்கும்போது சந்தை வட்டி நாலரை சதவீதமாக ஏறிவிட்டால், அதை ஏறத்தாழ 76 டாலருக்குத்தான் விற்க முடியும். முதிரும் வரை விற்கப் போவதில்லை என்று வங்கி அறிவித்துவிட்டால், புத்தகத்தில் அதை 100 டாலராகவே காட்டலாம் என்கிறது கணக்கியல் விதி. 2022 இறுதியில் அந்த வங்கியின் புத்தகத்தில் இப்படி ஏறத்தாழ 9,130 கோடி டாலராக நின்ற பத்திரங்களின் சந்தை மதிப்பு 7,620 கோடி டாலர்தான். வங்கியின் சொந்த மூலதனமோ சுமார் 1,600 கோடி டாலர். பத்திரங்களின் மதிப்பில் இருந்த 1,510 கோடி டாலர் இடைவெளியை அதிலிருந்து கழித்துப் பார்த்தால் மூலதனத்தில் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. இந்த எண்கள் வங்கியே வெளியிட்ட ஆண்டறிக்கையில் அச்சாகியிருந்தன.

மார்ச் 8 அன்று, கையிலிருந்த பத்திரங்களில் ஒரு பகுதியை 180 கோடி டாலர் நட்டத்துக்கு விற்றுவிட்டதாக வங்கி அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. அதற்கு மறுநாள் வங்கி மூடப்பட்டது. மார்ச் 12 அன்று, வரம்பைத் தாண்டிய பணம் உட்பட அனைத்தும் திருப்பித் தரப்படும் என்று அரசு அறிவித்தது. முந்தைய நிகழ்வில், காப்பீடு இருந்ததால் யாரும் கண்காணிக்கவில்லை. இதில், காப்பீடு இல்லாதவர்களும் கண்காணிக்கவில்லை. கண்காணிக்க வேண்டிய அரசு அமைப்பு உரிய வேகத்தில் செயல்படவில்லை என்பதை அமெரிக்க மத்திய வங்கியே அடுத்த மாதம் வெளியிட்ட தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. வைப்பாளர்களே கண்காணித்து வங்கிகளை ஒழுங்காக வைத்திருப்பார்கள் என்ற எதிர்பார்ப்பின் மீது இனி எந்தக் கொள்கையையும் கட்டக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (கல்லூரி மாணவர்): ‘இடர்’, ‘நிச்சயமின்மை’ இரண்டும் ஒன்றுதானே?

பதில்: அன்றாடப் பேச்சில் ஒன்றுதான். பொருளியலில் 1921-இல் ஃபிராங்க் நைட் இரண்டையும் பிரித்தார். எத்தனை முறைக்கு எத்தனை முறை நடக்கும் என்று கணக்கிட முடிந்தது இடர். அப்படிக் கணக்கிடவே அடிப்படை இல்லாதது நிச்சயமின்மை. பகடை உருட்டுவது முதல் வகை. அடுத்த ஆண்டு எந்தச் சட்டம் வரும் என்பது இரண்டாம் வகை. கீழே ஐந்தாவது கேள்விக்கு இந்த வேறுபாடு தேவைப்படும்.

கேள்வி (பொருளியல் முதுநிலை மாணவி): ஓர் அரசு நடவடிக்கையால்தான் இந்த விளைவு ஏற்பட்டது என்று ஆய்வாளர்கள் எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? வேறு ஆயிரம் காரணங்கள் இருக்கலாமே.

பதில்: ஆயிரம் காரணங்கள் இருக்கலாம் என்பது நியாயமான சந்தேகம். ஒரே நாட்டை ஒரே காலத்தில் இரண்டு முறை வாழவைத்துப் பார்க்க முடியாது என்பதால், வரலாறு தானாகவே அப்படி அமைத்துக் கொடுத்த அரிய இடங்களை ஆய்வாளர்கள் தேடிப் போகிறார்கள். கேரி ரிச்சர்ட்சனும் வில்லியம் டிரூஸ்டும் 2009-இல் வெளியிட்ட ஆய்வை நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு.

அமெரிக்க மத்திய வங்கி பன்னிரண்டு மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது, மாவட்டத்துக்கு ஒரு ரிசர்வ் வங்கி. அந்தப் பிரிவுக் கோடுகளில் ஒன்று மிசிசிப்பி மாநிலத்தைக் குறுக்கே வெட்டிச் சென்றது. தென் பகுதி அட்லாண்டாவிலிருந்த ரிசர்வ் வங்கியின் கீழ் வந்தது. வட பகுதி செயிண்ட் லூயிஸ் ரிசர்வ் வங்கியின் கீழ் வந்தது. மாநிலம் ஒன்று, சட்டம் ஒன்று. கொள்கை மட்டும் இரண்டு. நெருக்கடி நேரத்தில் தத்தளிக்கும் வங்கிகளுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும் என்பது அட்லாண்டாவின் நிலை. வணிகம் சுருங்கும்போது கடனும் சுருங்குவதுதான் முறை என்பது செயிண்ட் லூயிஸின் நிலை. 1930 நவம்பரில் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் கால்ட்வெல் என்ற பெரிய நிதிக் குழுமம் சரிந்து, அந்த வட்டாரம் முழுவதும் வைப்பாளர்கள் வங்கிகளை முற்றுகையிட்டபோது, இரண்டு கொள்கைகளும் ஒரே நேரத்தில் சோதனைக்கு உள்ளாயின.

1930 ஜூலை 1 அன்று மிசிசிப்பியின் தென் பகுதியில் 135 வங்கிகளும் வட பகுதியில் 165 வங்கிகளும் இயங்கின. சரியாக ஓராண்டு கழித்து எண்ணியபோது தெற்கே 121, வடக்கே 132. தெற்கு இழந்தது 14, வடக்கு இழந்தது 33. கொள்கை எதுவாக இருந்தாலும் அந்த ஆண்டில் 14 வங்கிகள் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டால், வடக்கில் கூடுதலாகப் போன 19 வங்கிகளை இறுக்கமான கொள்கையின் விலையாகக் கொள்ளலாம். இங்கே ஒப்பிடப்படுவது வங்கிகளின் எண்ணிக்கை அல்ல, எண்ணிக்கையில் ஏற்பட்ட மாற்றம். அதனால், தொடக்கத்திலேயே வடக்கில் வங்கிகள் அதிகம் இருந்தன என்பது கணக்கைக் குழப்புவதில்லை.

இந்த முறை ஓர் அனுமானத்தின் மீது நிற்கிறது. கொள்கை வேறுபாடு இல்லாதிருந்தால் இரண்டு பகுதிகளும் ஒரே போக்கில் போயிருக்கும் என்பதே அது. நெருக்கடிக்கு முன்னும் பின்னும் இரு பகுதிகளின் போக்கு எப்படி இருந்தது என்று பார்ப்பதுதான் அதற்குச் சோதனை. தாங்கள் எந்த ஆய்வைப் படித்தாலும் முதலில் அந்தப் பகுதியைத் தேடிப் படியுங்கள். அது பலவீனமாக இருந்தால் மீதி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

கேள்வி (பட்டயக் கணக்காளராகப் பணிபுரியும் வாசகர்): வங்கிகள் இவ்வளவு மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்று சர்வதேச அளவில் விதிகள் இருக்கின்றன. அவை பலன் தந்தனவா, அல்லது வங்கிகள் அவற்றைச் சுற்றிக்கொண்டு போய்விட்டனவா?

பதில்: இரண்டும் நடந்தன. வங்கிகளுக்கான சர்வதேச விதிகளை வகுக்கும் பாசெல் குழு 1988-இல் வகுத்த முதல் உடன்பாடு, இடருக்கு ஏற்ப எடையிட்ட சொத்தில் 8 சதவீதம் மூலதனம் வேண்டும் என்றது. தொழில் நிறுவனத்துக்குக் கொடுத்த 100 கோடிக்கு 8 கோடி, வீட்டுக்கடனுக்கு அதில் பாதி, வளர்ந்த நாடுகளின் அரசுகளுக்குக் கொடுத்த கடனுக்கு எதுவும் வேண்டாம். கேட்டால் தருகிறோம் என்று வங்கி கொடுத்துவைக்கும் கடன் உறுதிமொழிகளைப் பொறுத்தவரை, ஓராண்டுக்கு மேற்பட்டவற்றுக்கு மூலதனம் தேவை. அதற்கு உட்பட்டவற்றுக்குத் தேவையில்லை. விளைவு என்ன தெரியுமா? 364 நாள் ஒப்பந்தங்கள் சந்தையில் பெருகின. முடியும் நாளில் புதுப்பிப்பது, மறுபடியும் 364 நாள். ஆபத்து ஓராண்டு ஒப்பந்தத்தில் இருந்த அதே ஆபத்துதான். ஒரு நாளைக் குறைத்தவுடன் விதியின் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. 2004-இல் வந்த இரண்டாவது உடன்பாட்டில் அந்த ஓட்டையை ஓரளவு அடைத்தார்கள். ஓர் அளவீட்டைக் கட்டுப்பாட்டுக்கான இலக்காக்கிவிட்டால் அது பழைய பொருளில் எதையும் அளப்பதில்லை என்று சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-இலேயே பணக் கொள்கை பற்றிச் சொன்னது இங்கும் பொருந்துகிறது.

அரசுக் கடனுக்கு மூலதனம் வேண்டாம் என்ற சலுகை இன்னும் பெரிய விலையைக் கேட்டது. யூரோ நாடுகளின் வங்கிகள் கிரேக்க அரசின் பத்திரங்களை, மற்ற யூரோ அரசுகளின் பத்திரங்களைப் போலவே, இடரற்றவையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடிந்தது. 2012-இல் அந்தப் பத்திரங்களை வைத்திருந்த தனியார், முக மதிப்பில் 53.5 சதவீதத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அவற்றை நிறைய வாங்கி வைத்திருந்த சைப்ரஸின் பெரிய வங்கிகள் இரண்டும் மூலதனத்தை இழந்து நின்றன. 2013 மார்ச்சில், அந்த வங்கிகளில் 1 லட்சம் யூரோ என்ற காப்பீட்டு வரம்புக்கு மேல் பணம் வைத்திருந்தவர்கள் அந்த இழப்பில் பங்கேற்க வேண்டியதாயிற்று. ஒரு குழுவின் அட்டவணையில் இருந்த ஒரு பூஜ்ஜியம், அந்த அட்டவணை இருப்பதையே அறியாதவர்களின் சேமிப்பில் வந்து முடிந்ததை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

இதனால் விதிகளே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2010-இல் வகுக்கப்பட்ட மூன்றாவது உடன்பாடு, எடை எதுவும் பார்க்காமல் மொத்தச் சொத்தில் குறைந்தது 3 சதவீதம் மூலதனம் வேண்டும் என்ற எளிய அளவுகோலையும் சேர்த்தது. நுணுக்கமான விதி ஆபத்தை நன்றாக வேறுபடுத்துகிறது, ஆனால் ஏமாற்ற எளிது. முரட்டு விதியை ஏமாற்றுவது கடினம், ஆனால் அது நல்ல கடனையும் கெட்ட கடனையும் ஒரே தட்டில் வைக்கிறது. இரண்டையும் சேர்த்தே வைத்திருப்பது நல்லது.

கேள்வி (சிறு தொழில் நடத்தும் வாசகர்): ஆபத்தைக் குறைப்பது அரசின் வேலை என்கிறோம். அரசே ஆபத்தை உண்டாக்கினால்?

பதில்: உண்டாக்கியிருக்கிறது. 2022 செப்டம்பர் 23 அன்று பிரிட்டிஷ் அரசு பெரும் வரிக்குறைப்பை அறிவித்தது. அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்ற சுயேச்சையான மதிப்பீடு அதோடு வெளியாகவில்லை. நீண்ட கால அரசுப் பத்திரங்களின் விலை சரிந்தது. ஓய்வூதிய நிதிகள் பல அந்தப் பத்திரங்களையே அடகாக வைத்துக் கடன் வாங்கி மேலும் முதலீடு செய்திருந்தன. விலை சரிந்ததும் கூடுதல் ஈடு கேட்கப்பட்டது, ஈடு கொடுக்க அதே பத்திரங்களை விற்றார்கள், விற்றதால் விலை இன்னும் சரிந்தது. செப்டம்பர் 28 அன்று பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி அந்தப் பத்திரங்களை 6,500 கோடி பவுண்டு வரை வாங்கத் தயார் என்று அறிவித்துத் தலையிட வேண்டியிருந்தது. உண்மையில் வாங்கியது ஏறத்தாழ 1,930 கோடி பவுண்டுக்குத்தான். வாங்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்ததே பாதி மருந்தாயிற்று. மிகப் பாதுகாப்பானது என்று எல்லா விதிகளும் கருதிய பத்திரத்தில்தான், மிகுந்த எச்சரிக்கையோடு நடத்தப்பட வேண்டிய நிதிகள் அகப்பட்டுக்கொண்டன.

தொழில் நடத்துபவருக்கு இன்னொரு வகை பாதிப்பும் உண்டு. ஸ்காட் பேக்கர், நிக்கோலஸ் புளூம், ஸ்டீவன் டேவிஸ் மூவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பத்து அமெரிக்க நாளிதழ்களில் பொருளாதாரம், நிச்சயமின்மை, அரசுக் கொள்கை ஆகிய மூன்றையும் ஒருசேரக் குறிப்பிடும் செய்திகளை எண்ணி ஒரு குறியீடு உருவாக்கினார்கள். அது உயர்ந்த காலங்களைத் தொடர்ந்து முதலீடும் வேலைவாய்ப்பும் குறைந்ததை அவர்கள் கண்டார்கள். இதுவே காரணம் என்று அறுதியிட முடியாது. நாடு சரிவை நோக்கிப் போகும்போது நாளிதழ்களும் அப்படித்தான் எழுதும். எனினும், வரி கூடுமா குறையுமா என்று தெரியாத நிலையில் இயந்திரம் வாங்குவதைத் தள்ளிப்போடும் தங்கள் அனுபவம், நைட் சொன்ன நிச்சயமின்மைதான்.

கேள்வி (ஆசிரியராகப் பணிபுரியும் வாசகர்): ஒரே விஷயத்தில் ஓர் ஆய்வு ஒன்று சொல்கிறது, மற்றோர் ஆய்வு வேறொன்று சொல்கிறது. ஆய்வாளர்களுக்குப் பணம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: பெயரை நம்பாமல் வழிமுறையை நம்புங்கள். ஒழுங்குமுறை அமைப்புகளே தாங்கள் கட்டுப்படுத்த வேண்டிய தொழிலின் நலனுக்காக இயங்கத் தொடங்கிவிடும் என்று ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1971-இல் வாதிட்டார். அந்தச் சந்தேகத்தை ஆய்வாளர்கள் தங்கள் மீதும் திருப்பிக்கொள்வதே நேர்மை. 2008 நெருக்கடிக்குப் பிறகு எழுந்த கடும் விமர்சனத்தை அடுத்து, தன் இதழ்களுக்குக் கட்டுரை அனுப்புவோர் பண வரவுத் தொடர்புகளை வெளிப்படுத்த வேண்டும் என்ற விதியை 2012-இல் அமெரிக்கப் பொருளியல் சங்கம் கொண்டுவந்தது.

ஆனால் பணத்தால் வரும் பிழையை விட, யாரும் சரிபார்க்காததால் வரும் பிழையைக் கண்டுதான் நான் அதிகம் அஞ்சுகிறேன். கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010-இல் வெளியிட்ட கட்டுரையில், அரசின் கடன் நாட்டின் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய வளர்ந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று காட்டினார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அரசுச் செலவை வெட்ட வேண்டும் என்று வாதிட்டவர்கள் அந்த 90 என்ற எண்ணை மேற்கோள் காட்டினார்கள். 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ண்டன், ஒரு வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கை மீண்டும் செய்ய முயன்றார், விடை வரவில்லை. கட்டுரையை எழுதியவர்களுக்கே எழுதிக் கேட்டார். அவர்களும் மறைக்காமல் எக்செல் கோப்பை அனுப்பினார்கள். சராசரி எடுக்கும் கட்டத்தில் 30 முதல் 49 வரையான வரிசைகள் இருந்திருக்க வேண்டும். இருந்தது 44 வரைதான். ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கில் சேரவே இல்லை. தரவு விடுபட்டதையும், நியூசிலாந்தின் ஒரே ஓர் ஆண்டுக்குப் பிரிட்டனின் 19 ஆண்டுகளுக்குச் சமமான எடை தரப்பட்டதையும் சேர்த்துச் சரிசெய்தபோது, மைனஸ் 0.1 என்பது 2.2 ஆயிற்று.

எக்செல் பிழையை மூல ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். எடை தந்த முறை குறித்த விமர்சனத்தை ஏற்கவில்லை. கடன் மிகும்போது வளர்ச்சி குறைகிறது என்ற தங்கள் பொதுக் கருத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த விவாதம் இன்றும் நடக்கிறது. தங்கள் மாணவர்களில் கணக்கு பிடித்தவர்கள் இருந்தால், நாளிதழில் மேற்கோள் காட்டப்படும் ஏதேனும் ஓர் ஆய்வின் தரவைக் கேட்டு அதன் ஆசிரியருக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். என்ன பதில் வந்தது என்பதை இந்தப் பகுதிக்குத் தாங்கள் தெரிவித்தால் மகிழ்வேன்.